ஒரே நெட்வொர்க் கார்டுக்குப் பல ஐபி முகவரிகள்: லினக்ஸில் எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

லினக்ஸில் ஒரு நெட்வொர்க் கார்டுக்கு இரண்டாவது ஐபி முகவரி கொடுப்பது ஒரே வரியில் முடிகிற வேலை. சிக்கலெல்லாம் அதற்கு அப்புறம்தான் தலைகாட்டும். ரீபூட் ஆனதும் புது முகவரியைக் காணோம். மெயில் சர்வர் நாம் நினைத்த முகவரியை விட்டுவிட்டு வேறொன்றிலிருந்து மெயில் அனுப்புகிறது. வேண்டாத ஒரு முகவரியை நீக்கினால், வேண்டிய முகவரிகளும் கூடவே போய்விடுகின்றன. தனித்தனிக் கோளாறுகள் போலத் தெரியும் இவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: எந்த வழியில் சேர்ப்பது என்று யோசிக்காமல், தேடியதும் கண்ணில் பட்ட முதல் கட்டளையை அடித்துவிடுவது.

வழிகள் நிறைய இருக்கின்றன. ஐபி கட்டளையால் நேரடியாகச் சேர்க்கலாம். பழைய பாணியில் ஈத்0:1 என்று மாற்றுப்பெயர் வைக்கலாம். நெட்வொர்க்மேனேஜர், நெட்பிளான், சிஸ்டம்டி-நெட்வொர்க்டி போன்றவற்றின் அமைப்புக் கோப்பில் எழுதலாம். மேக்விலேன், ஐபிவிலேன் என்று தனி இன்டர்ஃபேஸே உருவாக்கலாம். ஒரு சர்வர் விழுந்தால் அதன் முகவரியை இன்னொன்றுக்கு மாற்றும் கீப்அலைவ்டி என்ற புரோகிராமின் கையில் ஒப்படைக்கலாம். இவற்றில் எதை எடுப்பது என்பதை மூன்று கேள்விகள் தீர்மானிக்கின்றன. இந்த முகவரியை நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பு யாருக்கு? வெளியே போகும் இணைப்புகள் எந்த முகவரியைத் தாங்கிப் போக வேண்டும்? இந்த முகவரிக்குத் தனி மேக் முகவரியோ (கார்டின் வன்பொருள் அடையாள எண்) தனி நெட்வொர்க் உலகமோ தேவையா? பெரும்பாலான சர்வர்களில் மூன்றாவது கேள்விக்குப் பதில் ‘தேவையில்லை’ என்பதுதான். அப்படியானால் மேக்விலேன், ஐபிவிலேன் இரண்டையும் இப்போதே ஒதுக்கிவிடலாம்.

படிக்கும் முன் ஒரு குறிப்பு. கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடிக்கவும். எடுத்துக்காட்டு முகவரிகள் 192.0.2.0, 198.51.100.0, 203.0.113.0 என்ற மூன்று தொகுதிகளைச் சேர்ந்தவை. ஆவணங்களில் காட்டுவதற்கென்றே ஆர்எஃப்சி 5737 ஒதுக்கிவைத்தவை இவை, யாருடைய சர்வரையும் சுட்டாது. கார்டின் பெயரை ஈத்0 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் கணினியில் வேறு பெயர் இருக்கலாம்.

இன்னொரு முகவரி உண்மையில் தேவைதானா?

ஒரு காலத்தில் ஒரே சர்வரில் பத்து எச்டிடிபிஎஸ் தளங்கள் வைக்கப் பத்து ஐபி முகவரிகள் வேண்டியிருந்தது. இணைப்பு தொடங்கும்போதே பிரவுசர் எந்தத் தளத்தைக் கேட்கிறது என்று சர்வருக்குத் தெரியாது. அதனால் எந்தச் சான்றிதழை நீட்டுவது என்றும் தெரியாது. எஸ்என்ஐ என்ற நீட்சி 2003இல் வந்து அதைத் தீர்த்துவைத்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு அது கடைசிவரை புரியவில்லை என்பதால், பல ஆண்டுகள் தனி முகவரி வாங்கும் பழக்கம் தொடர்ந்தது. இன்று அந்தக் காரணம் செல்லாது. பல தளங்கள் என்பதற்காக மட்டும் இரண்டாவது முகவரியைத் தேடுகிறீர்கள் என்றால், வெப் சர்வரில் தளத்தின் பெயரை வைத்துப் பிரிக்கும் அமைப்பைச் செய்துவிட்டு இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னும் செல்லுபடியாகும் காரணங்கள் வேறு. பழைய சர்வரை மூடும்போது அதன் முகவரியைப் புதியது ஏற்றுக்கொள்ள வேண்டும். எத்தனையோ சாதனங்களில் அந்த எண் நேரடியாகப் பதிந்திருக்கும். ஒரே போர்ட்டைக் கேட்கும் இரண்டு புரோகிராம்கள் ஒரே கணினியில் ஓட வேண்டும். செய்திமடல் மெயிலும் அலுவல் மெயிலும் வேறு வேறு முகவரிகளிலிருந்து போக வேண்டும், ஒன்றின் பெயர் கெட்டால் மற்றதைப் பாதிக்காமல் இருக்க. அப்புறம், அதிகம் பேசப்படாத ஒரு காரணம்: வெளியே போகும் இணைப்புகளின் எண்ணிக்கை. லினக்ஸ் தானாக எடுத்துக்கொடுக்கும் போர்ட்கள் வழக்கமாக 32768 முதல் 60999 வரை. ஒரு மூல முகவரியிலிருந்து ஒரே சேருமிடத்தின் ஒரே போர்ட்டுக்கு ஏறத்தாழ 28,000 இணைப்புகளுக்கு மேல் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. கூட்டம் மிகுந்த ப்ராக்ஸி சர்வர்கள் இந்தச் சுவரில் முட்டும்போது, இன்னொரு ஐபி முகவரி சேர்த்தால் வரம்பு இரட்டிப்பாகும்.

ஐபி கட்டளை: சோதனைக்கு இதைவிட நல்லது இல்லை

ஐபி அட்ர் ஆட் 192.0.2.11/24 டெவ் ஈத்0

இவ்வளவுதான். அடித்த நொடியே முகவரி வேலை செய்யும். எந்த சர்வீஸையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம், இருக்கும் இணைப்புகள் எதுவும் அறுபடாது. ஆனால் இது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. ரீபூட் ஆனால் போயிற்று. தவறாகக் கொடுத்துவிட்டாலும் ரீபூட் அழித்துவிடும் என்பதால், முயன்று பார்ப்பதற்கு இதுவே மிகப் பாதுகாப்பான வழி. முதலில் இப்படிச் சேர்த்து, சோதித்து, சரி என்று தெரிந்த பிறகு கோப்பில் எழுதுங்கள்.

கர்னல் ஒரு கார்டிலுள்ள முகவரிகளை எப்படி வரிசைப்படுத்துகிறது என்பதை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எந்த வழியில் சேர்த்தாலும் அடியில் நடப்பது இதுதான். ஈத்0-இல் 192.0.2.10/24 முதலில் இருக்கிறது என்று வையுங்கள். அதன் மேல் 192.0.2.11/24, 192.0.2.12/24 இரண்டையும் சேர்க்கிறீர்கள். இப்போது ‘ஐபி அட்ர் ஷோ டெவ் ஈத்0’ என்று கேட்டால், முதல் வரி சாதாரணமாக இருக்கும். மற்ற இரண்டு வரிகளின் இறுதிப் பகுதியில் ‘செகண்டரி’ என்ற சொல் நிற்கும். ஒரே சப்நெட் (முகவரிகளின் ஒரே தொகுதி), ஒரே மாஸ்க் (அந்தத் தொகுதியின் அளவைச் சொல்லும் /24 போன்ற எண்) என்றால் முதலில் வந்தது தலைமை முகவரி, பின்னால் வந்தவை அதைச் சார்ந்தவை.

இப்போது 192.0.2.10 வேண்டாம் என்று நீக்குகிறீர்கள். கர்னலின் இயல்பான நடத்தைப்படி தலைமை போனால் அதைச் சார்ந்த இரண்டும் சேர்ந்தே போகும். கார்டில் வேறு ஐபிவி4 முகவரி எதுவும் மிஞ்சவில்லை என்றால் வெளி நெட்வொர்க்குக்கு வாசலான கேட்வேக்குப் போகும் ரூட்டும் போய்விடும். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைந்து உட்கார்ந்திருந்தால் திரை அப்படியே உறைந்துவிடும். பழைய முகவரியைக் கழற்றிவிட்டுப் புதியதற்கு மாறுவோம் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இதற்கு மருந்தாக ‘ப்ரமோட்_செகண்டரிஸ்’ என்ற கர்னல் அமைப்பு உண்டு. அதை 1 ஆக்கினால் தலைமை நீங்கியதும் அடுத்தது தலைமையாகும். சிஸ்டம்டி தன்னோடு கொண்டுவரும் இயல்பு அமைப்புகளில் இதை 1 என்றே வைக்கிறது. ஆனாலும் எல்லாக் கணினியிலும் அது அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம், நீக்கும் முன் ‘சிஸ்சிடிஎல்’ கட்டளையால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொரு வழி, கூடுதல் முகவரியை /24 என்று கொடுக்காமல் /32 என்று கொடுப்பது:

ஐபி அட்ர் ஆட் 192.0.2.11/32 டெவ் ஈத்0

மாஸ்க் வேறாக இருப்பதால் இது யாரையும் சாராது. தலைமை முகவரி வந்தாலும் போனாலும் இது தன் இடத்தில் இருக்கும். கேட்வேயைச் சென்றடைய ஏற்கெனவே இருக்கும் /24 முகவரி போதும். இரண்டாவது முகவரிக்கும் அதே சப்நெட் விவரத்தைத் திரும்பச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஒரு சேவைக்காக மட்டும் சேர்க்கும் முகவரிகளுக்கு நான் /32-ஐத்தான் பரிந்துரைப்பேன். ஒரு நிபந்தனை: அந்தக் கார்டில் அதே சப்நெட்டில் குறைந்தது ஒரு முகவரியாவது முழு மாஸ்க்குடன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துக் கணினிகளுக்குப் போகும் வழியே கர்னலுக்குத் தெரியாது.

ஈத்0:1 பாணி: இனிமேல் வேண்டாம்

இணையத்தில் தேடினால் இன்றும் அதிகம் கிடைப்பது இஃப்கான்ஃபிக் கட்டளையும் ஈத்0:1, ஈத்0:2 என்ற பெயர்களும்தான். லினக்ஸ் கர்னல் 2.0 காலத்தில் இவை ஏறக்குறைய தனி இன்டர்ஃபேஸ்கள் போலவே நடத்தப்பட்டன. 1999இல் வந்த 2.2-இலிருந்து ஒரே கார்டு இயல்பாகவே பல முகவரிகளை ஏற்கிறது; ஈத்0:1 என்பது அந்த முகவரியில் ஒட்டிய வெறும் பெயர்ச்சீட்டு ஆகிவிட்டது. கர்னலின் ஆவணமே இதைக் காலாவதியான முறை என்று சொல்கிறது, பழையவற்றோடு ஒத்துப்போவதற்காக மட்டும் விட்டுவைத்திருப்பதாகவும் குறிப்பிடுகிறது.

வேலை செய்கிறதே, பயன்படுத்தினால் என்ன தவறு என்று கேட்கலாம். தவறு, அது தனி இன்டர்ஃபேஸ் என்ற எண்ணத்தை மனதில் விதைப்பதில் இருக்கிறது. ஃபயர்வால் விதியில் உள்ளே வரும் இன்டர்ஃபேஸ் ஈத்0:1 என்று எழுதினால் எந்தப் பாக்கெட்டும் அதில் சிக்காது. கர்னல் பார்ப்பது ஈத்0-ஐ மட்டும்தான். முகவரி வாரியாகத் தடுக்க வேண்டுமானால் சேரும் முகவரியை வைத்து விதி எழுத வேண்டும். பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டுப் பார்ப்பதும் அப்படியே: ஈத்0-இல் போட்டு, முகவரியை வைத்து வடிகட்ட வேண்டும். இன்னொரு பக்கம், பெயர்ச்சீட்டு இல்லாமல் ஐபி கட்டளையால் சேர்த்த கூடுதல் முகவரிகளை இஃப்கான்ஃபிக் காட்டவே காட்டாது. ‘முகவரி சேரவில்லையே’ என்று நினைத்து வேறொரு கணினியில் அதே முகவரியைக் கொடுத்துவிட்டு, ஏன் இணைப்பு விட்டுவிட்டு வருகிறது என்று நாள்முழுக்கத் தேடுகிறவர்கள் உண்டு. பெயர் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று பழைய மென்பொருள் ஏதாவது அடம்பிடித்தால், ஐபி கட்டளையிலேயே ‘லேபிள் ஈத்0:1’ என்று கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு தேவையைத் தவிர இதற்கு இனி வேலை இல்லை.

கோப்பில் எழுதுவது: இருக்கும் ஆளிடமே கொடுங்கள்

நிலையாக வைக்கும் முகவரி என்று முடிவானதும், அதை யார் பொறுப்பில் விடுவது? இதில் எது சிறந்தது என்ற விவாதத்தைவிட, உங்கள் கணினியில் ஏற்கெனவே நெட்வொர்க்கை நிர்வகிப்பது எது என்று தெரிந்துகொள்வது முக்கியம். நெட்வொர்க்மேனேஜர் ஓடும் கணினியில் பூட் ஸ்கிரிப்ட் ஒன்றில் ஐபி கட்டளையைச் சொருகி வைப்பது கொஞ்ச நாள் வேலை செய்யும். பிறகு ஒருநாள் இணைப்பு விழுந்து எழும், மேலாளர் தனக்குத் தெரிந்த முகவரிகளை மட்டும் திரும்பப் போடும், உங்களுடையது இருக்காது. ஒரு கார்டுக்கு ஒரே மேலாளர்.

ரெட் ஹேட் குடும்பத்திலும் ஃபெடோராவிலும் அந்த ஆள் நெட்வொர்க்மேனேஜர். அதில் முகவரி சேர்ப்பது:

என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் மாடிஃபை ஈத்0 +ஐபிவி4.அட்ரசஸ் 192.0.2.11/32

அந்தக் கூட்டல் குறியை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால் பட்டியலில் சேர்க்கும். இல்லாவிட்டால் இருக்கும் முகவரிகளையெல்லாம் அழித்துவிட்டு இதை மட்டும் வைக்கும். தொலைவிலிருக்கும் சர்வரில் அந்த ஒரு குறி இல்லாமல் போனால், அடுத்த முறை இணைப்பு எழும்போது உங்கள் முகவரியே அங்கே இருக்காது. பட்டியலில் முதலில் இருப்பதுதான் தலைமை முகவரி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மாற்றம் நடைமுறைக்கு வர இணைப்பை இறக்கி ஏற்ற வேண்டியதில்லை. ‘என்எம்சிஎல்ஐ டிவைஸ் ரீஅப்ளை ஈத்0’ போதும். டிஎச்சிபியில் (நெட்வொர்க்கே தானாக முகவரி தரும் முறை) முகவரி பெறும் கார்டிலும் இதே முறையில் கூடுதலாக ஒரு நிலையான முகவரியை வைத்துக்கொள்ளலாம், ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டாம்.

பழைய ரெட் ஹேட் வழிகாட்டிகளில் வரும் ஐஎஃப்சிஎஃப்ஜி கோப்புகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் பதிப்பு அவற்றைக் கைவிடப்படும் வடிவம் என்று அறிவித்தது; பத்தாம் பதிப்பில் அதற்கான ஆதரவே இல்லை. அந்த வடிவத்தில் புதிதாக எதையும் எழுத வேண்டாம்.

உபுண்டு சர்வரில் நெட்பிளான். அதன் யாம்ல் கோப்பில் அட்ரசஸ் என்ற பட்டியலில் இன்னொரு வரி சேர்த்தால் முடிந்தது. கிளவுட் சர்வர்களில் 50 என்று தொடங்கும் கோப்பை, பூட் நேரத்தில் சர்வரை அமைக்கும் கிளவுட்-இனிட் தானே எழுதுகிறது, மறுபடியும் எழுதக்கூடும். அதைத் தொடாமல் 60 என்று தொடங்கும் தனிக் கோப்பில் உங்கள் முகவரியை எழுதுங்கள். இரண்டு கோப்புகளின் முகவரிப் பட்டியல்களையும் நெட்பிளான் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். நெட்பிளானில் என்னை மிகவும் கவர்ந்தது ‘நெட்பிளான் ட்ரை’ என்ற கட்டளை. புதிய அமைப்பைப் போட்டுவிட்டு 120 நொடி காத்திருக்கும். நீங்கள் என்டர் தட்டாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். சர்வர் கைக்கெட்டாத தூரத்தில் இருக்கும்போது இதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது. மற்ற மேலாளர்களோடு ஒப்பிட்டால் எனக்கு நெட்பிளான் ஒரு படி மேலே தெரிவதற்கு இந்த ஒரு வசதியே காரணம்.

சிஸ்டம்டி-நெட்வொர்க்டியை நேரடியாகப் பயன்படுத்துபவர்களுக்கு நுணுக்கமான கட்டுப்பாடு கிடைக்கிறது. அட்ரஸ் என்ற வரியைத் தேவையான அளவு திரும்பத் திரும்ப எழுதலாம். ஒவ்வொரு முகவரிக்கும் தனிப் பிரிவு ஒதுக்கினால், பெயர்ச்சீட்டு, ஆயுள் போன்றவற்றை அதற்கு மட்டும் அமைக்கலாம். ஐபிவி4 முகவரி வேறெங்காவது பயன்பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடச் சொல்லும் வசதியும் அதில் உண்டு. இயல்பாக அது ஐபிவி6-க்கு மட்டும்தான் பார்க்கும், ஐபிவி4-க்கு நாம்தான் கேட்க வேண்டும். மாற்றிய பிறகு ‘நெட்வொர்க்சிடிஎல் ரீலோட்’.

டெபியனின் பழைய இன்டர்ஃபேசஸ் கோப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஈத்0 என்ற அதே பெயரிலேயே இரண்டாவது பத்தி எழுதலாம், ஈத்0:1 என்று போட வேண்டிய தேவை போய் வெகுகாலம் ஆகிறது. கேட்வே வரியை ஒரு பத்தியில் மட்டும் வையுங்கள்.

வெளியே போவது எந்த முகவரி?

முகவரி சேர்ப்பவர்களில் பலர் யோசிக்காமல் விடுவது இதைத்தான். உள்ளே வரும் இணைப்பில் குழப்பமே இல்லை: எந்த முகவரிக்கு வந்ததோ அதே முகவரியிலிருந்து டிசிபி பதில் போகும். சர்வர் தானாகத் தொடங்கும் இணைப்பில்தான் கர்னல் தேர்ந்தெடுக்கிறது. புரோகிராம் எதுவும் சொல்லாவிட்டால், ரூட்டில் மூல முகவரி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் கேட்வே இருக்கும் சப்நெட்டின் தலைமை முகவரியை எடுக்கும். கூடுதல் முகவரிகள் எத்தனை இருந்தாலும் எல்லாம் அந்த ஒன்றின் பெயரில்தான் போகும். கர்னல் என்ன முடிவெடுக்கும் என்பதை அனுமானிக்க வேண்டியதில்லை, கேட்டால் சொல்லும்:

ஐபி ரூட் கெட் 203.0.113.5

வரும் பதிலில் ‘எஸ்ஆர்சி’ என்பதற்கு அடுத்து நிற்பதுதான் வெளியே போகப்போகும் முகவரி.

அதை மாற்ற இரண்டு வழிகள். முழுச் சர்வருக்கும் மாற வேண்டுமானால் கேட்வே ரூட்டில் ‘எஸ்ஆர்சி 192.0.2.11’ என்று சேர்க்கலாம். ஒரு சேவைக்கு மட்டும் என்றால் அந்தச் சேவையிலேயே சொல்வதுதான் சுத்தம். போஸ்ட்ஃபிக்ஸில் ‘எஸ்எம்டிபி_பைண்ட்_அட்ரஸ்’, என்ஜின்எக்ஸில் ‘ப்ராக்ஸி_பைண்ட்’ என்று பெரும்பாலான சர்வர் மென்பொருள்களில் இதற்கான அமைப்பு இருக்கிறது. ரூட்டை மாற்றினால் மென்பொருள் புதுப்பித்தல் முதல் நேர ஒத்திசைவுவரை எல்லாம் சேர்ந்து மாறும். வெளியே எங்காவது ஒரு ஃபயர்வால் பழைய முகவரியை மட்டும் அனுமதித்திருந்தால் அங்கே சத்தமில்லாமல் ஏதோ ஒன்று நின்றுபோகும். அதனால் சேவையில் சொல்ல முடிகிறவரை ரூட்டைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

ஐபிவி6-இல் கணக்கு வேறு. அங்கே தலைமை, சார்ந்தது என்ற பாகுபாடு இல்லை; ஆர்எஃப்சி 6724 சொல்லும் விதிகளின்படி தேர்வு நடக்கிறது, சேருமிடத்துக்கு எது நெருங்கிய முன்னொட்டோ (முகவரியின் தொடக்கப் பகுதி) அது முந்தும். கூடுதல் முகவரி வெளியே போகும் இணைப்புகளில் தலையிடக் கூடாது என்றால், சேர்க்கும்போதே ‘ப்ரிஃபர்ட்_எல்எஃப்டி 0’ என்று போடுங்கள். உள்ளே வரும் இணைப்புகளை அது ஏற்கும், ஆனால் வேறு நல்ல முகவரி இருக்கும்வரை கர்னல் தானாக அதை எடுக்காது. ஐபிவி4-இலும் இப்படி ஒன்று இருந்திருக்கலாம்.

இரண்டாவது முகவரி வேறு சப்நெட்டைச் சேர்ந்தது, அதற்குத் தனி கேட்வேயும் உண்டு என்றால், இன்னொரு கேட்வே ரூட்டை அப்படியே சேர்ப்பதால் பயனில்லை. பதில்கள் முதல் கேட்வே வழியாகவே போகும், வழியில் யாராவது தடுத்துவிடுவார்கள். அந்த முகவரியிலிருந்து கிளம்புபவற்றுக்குத் தனி ரூட் அட்டவணை வைத்து, ‘ஐபி ரூல் ஆட் ஃப்ரம் 198.51.100.20 டேபிள் 100’ என்று விதி எழுத வேண்டும். 100-ஆம் அட்டவணையில் இரண்டாவது கேட்வேயை வையுங்கள். நெட்பிளான், நெட்வொர்க்டி, நெட்வொர்க்மேனேஜர் மூன்றிலும் இதைக் கோப்பிலேயே எழுத முடியும்.

மேக்விலேன், ஐபிவிலேன்: தனி உலகம் வேண்டுமானால்

இதுவரை பார்த்த வழிகளில் முகவரிகள் எல்லாம் ஒரே கார்டு, ஒரே மேக் முகவரி, ஒரே ரூட் அட்டவணை. ஒரு கன்டெய்னருக்கு (மற்றவற்றிலிருந்து பிரித்துவைத்து ஓட்டும் புரோகிராம்) நெட்வொர்க்கில் தனிக் கணினி போலவே ஒரு முகவரி வேண்டும், அது டிஎச்சிபியில் தானே முகவரி கேட்டு வாங்க வேண்டும் என்றால் அங்கே மேக்விலேன் பொருந்தும். ஒரு கார்டின் மேல் பல மெய்நிகர் கார்டுகளை உருவாக்கி ஒவ்வொன்றுக்கும் தனி மேக் முகவரி தருகிறது. 2007இல் வந்த 2.6.23 முதலே கர்னலில் இருக்கிறது.

ஆனால் அது எல்லா இடத்திலும் ஓடாது. வைஃபை அணுகுமுனை, தன்னிடம் பதிவு செய்யாத மேக் முகவரியிலிருந்து வரும் ஃப்ரேமை ஏற்காது. விர்ச்சுவல் மெஷினுக்குள் போட்டால் அதை ஓட்டும் ஹைப்பர்வைசர் பெரும்பாலும் தடுக்கும். கிளவுடில் வழக்கமாக வழியே இல்லை. ஸ்விட்ச்சில் போர்ட்டுக்கு இத்தனை மேக் முகவரிகள்தான் என்று வரம்பு வைத்திருந்தால் அந்தப் போர்ட்டே மூடப்படலாம். இன்னொன்று, தாய்க் கார்டின் முகவரியும் அதன் மேக்விலேன் குழந்தைகளும் ஒன்றோடொன்று பேச முடியாது. கன்டெய்னர் ஊரெல்லாம் பேசும், தான் ஓடும் கணினியோடு மட்டும் பேசாது. இது பிழை இல்லை, வடிவமைப்பே அப்படித்தான். அந்தக் கணினிக்கும் ஒரு மேக்விலேன் இன்டர்ஃபேஸ் உருவாக்கி, அதன் முகவரியை அங்கே மாற்றி வைத்தால் பேச்சு நடக்கும்.

ஐபிவிலேன் 2015இல் 3.19 கர்னலோடு வந்தது. மேக் முகவரி எல்லாவற்றுக்கும் ஒன்றே, பிரிப்பது ஐபி முகவரியை வைத்து. ஸ்விட்ச் வரம்பு பிரச்சினை இதில் இல்லை. மேக் ஒன்றே என்பதால் டிஎச்சிபி சர்வர் எல்லாரையும் ஒரே ஆளாக எண்ணிவிடும், கிளையன்ட் அடையாளத்தைத் தனித்தனியாக அமைத்தால்தான் பிரித்துப் பார்க்கும். கன்டெய்னர், நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (தனி நெட்வொர்க் உலகம்) எதுவும் இல்லாமல், ஒரே சர்வரில் இரண்டு முகவரி என்பதற்காக மட்டும் இந்த இரண்டையும் இழுத்துவருவது வீண் சுமை.

இடம் மாறும் முகவரி

இரண்டு சர்வர்களில் ஒன்று விழுந்தால் மற்றது அதே முகவரியை ஏற்க வேண்டும் என்பது வேறு தேவை. அந்த முகவரியை எந்த அமைப்புக் கோப்பிலும் எழுதக் கூடாது. எழுதினால் விழுந்த சர்வர் எழுந்ததும் இரண்டு பேரும் ஒரே முகவரிக்கு உரிமை கொண்டாடுவார்கள். கீப்அலைவ்டி அதைத் தன் கையில் வைத்துக்கொள்ளும். மாஸ்க் எதுவும் சொல்லாவிட்டால் /32 என்றே சேர்க்கும், பொறுப்பு மாறியதும் இந்த ஐபி முகவரி இனி இந்த மேக் முகவரியில் என்று பக்கத்துச் சாதனங்களுக்குச் சொல்லும் ஏஆர்பி அறிவிப்பும் அனுப்பும். கீப்அலைவ்டி இல்லாமல் கையால் ஒரு முகவரியை வேறு கணினிக்கு மாற்றுகிறவர்கள் இந்தக் கடைசி வேலையைத்தான் மறக்கிறார்கள். ரவுட்டர் பழைய மேக் முகவரியையே நினைவில் வைத்துக்கொண்டு அங்கேயே பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டிருக்கும். ‘ஏஆர்பிங் -யூ -ஐ ஈத்0 192.0.2.11’ என்று அடித்தால் அதன் நினைவு திருந்தும்.

கிளவுடில் இந்த ஏஆர்பி அறிவிப்பால் பயன் கிடைப்பது அரிது. அங்கே எந்த முகவரி எந்த மெஷினுக்கு என்பதைக் கிளவுடின் சொந்த அமைப்புதான் தீர்மானிக்கிறது. அமேசான் கிளவுடில் கூடுதல் தனிமுகவரியை முதலில் அந்த மெஷினின் நெட்வொர்க் இன்டர்ஃபேஸுக்கு அவர்கள் பக்கத்தில் ஒதுக்க வேண்டும். அதன் பிறகுதான் லினக்ஸுக்குள் சேர்ப்பதற்கு அர்த்தம் உண்டு. ஒதுக்காமல் உள்ளே மட்டும் சேர்த்தால், ஐபி கட்டளை எந்தப் பிழையும் காட்டாது, ஒரு பாக்கெட்டும் வந்து சேராது.

முழுத் தொகுதியே உங்களுக்கு ரூட் செய்யப்பட்டு வருகிறதா? 256 முகவரிகளையும் ஒவ்வொன்றாகச் சேர்க்காதீர்கள். ‘ஐபி ரூட் ஆட் லோக்கல் 198.51.100.0/24 டெவ் எல்ஓ’ என்ற ஒரே வரியில் அந்தத் தொகுதி முழுவதும் தன்னுடையது என்று கர்னல் ஏற்றுக்கொள்ளும். எந்த முகவரியிலும் சேவையைத் திறக்கலாம்.

சேர்ப்பதற்கு முன்னும் பின்னும்

முன்னால்: அந்த முகவரி ஏற்கெனவே யாரிடமாவது இருக்கிறதா என்று ‘ஏஆர்பிங் -டி -ஐ ஈத்0 192.0.2.11’ கொண்டு பாருங்கள். பிங் போட்டுப் பதில் வரவில்லை என்பது போதாது, பல கணினிகள் பிங்குக்குப் பதில் சொல்வதே இல்லை. ஏஆர்பிக்குப் பதில் சொல்லாமல் எந்தக் கணினியும் ஐபிவி4-இல் அந்த நெட்வொர்க்கில் வாழ முடியாது.

பின்னால்: ‘எஸ்எஸ் -எல்டிஎன்’ என்று அடித்து எந்தெந்த சேவைகள் 0.0.0.0 முகவரியில் காத்திருக்கின்றன என்று பாருங்கள். அவை எல்லாம் நீங்கள் சேர்த்த புதிய முகவரியிலும் அந்த நொடியிலிருந்தே திறந்திருக்கின்றன. வெளியுலகுக்கான முகவரி ஒன்றைச் சேர்த்தால், உள் நெட்வொர்க்குக்கென்று வைத்திருந்த எஸ்எஸ்எச்சும் டேட்டாபேஸும் அதிலும் கேட்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு சேவையையும் அதற்குரிய முகவரியில் மட்டும் கேட்க வையுங்கள். எஸ்எஸ்எச் சர்வரில் அதற்கு ‘லிசன்அட்ரஸ்’ என்ற வரி இருக்கிறது.

அப்படிக் கட்டிவைத்த பிறகு பூட் நேரத்தில் ஒரு புதுச் சிக்கல் வரும்: முகவரி கார்டில் ஏறும் முன்பே சேவை எழுந்து, ‘அந்த முகவரியை ஒதுக்க முடியாது’ என்று சொல்லிவிட்டு விழுந்துவிடும். சேவையின் சிஸ்டம்டி கோப்பில் ‘நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்’ வந்த பிறகு தொடங்கு என்று எழுதினால் பெரும்பாலும் தீரும். கீப்அலைவ்டி கையிலிருக்கும் முகவரிக்கு அது போதாது, ஏனென்றால் அந்த முகவரி காத்திருக்கும் சர்வருக்கு வராமலே போகலாம். அங்கே ‘ஐபி_நான்லோக்கல்_பைண்ட்’ என்ற கர்னல் அமைப்பை 1 ஆக்குங்கள். முகவரி இன்னும் வராவிட்டாலும் சேவை எழுந்து அதற்காகக் காத்திருக்கும், பொறுப்பு மாறும் நொடியில் பதில் சொல்லத் தயாராக இருக்கும்.